நின்று நின்று துடித்த இதயம்

என் அக்கா வீட்டுக்காரருக்கு வாய் அதிகம். அந்தப் பெரிய கணினி நிலையத்தில் குளிர்நீர்க் குழாய்களைப் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. பேச்சைக் கேட்டால் கணினியையே அவர்தான் பெற்று வளர்த்தார் என்று நினைப்பீர்கள். "நான் தண்ணி விடலேன்னா அது மூளை கொதிச்சுடும்டா!" என்பார். அங்கே எலக்ட்ரீஷியன் நான். கரன்ட் கொடுக்கிறேன் என்று ஒருநாளாவது பீற்றிக்கொண்டேனா?

பீரோக்கள் மாதிரி வரிசையாக இயந்திரங்கள்; எல்லாம் சேர்ந்து ஒரே கணினி. புயல், மழை வருவதையெல்லாம் அதுதான் கணக்குப் போட்டுச் சொல்லும். குளிர்ந்து உள்ளே போகும் தண்ணீர் சூடாகித் திரும்பும். அந்தக் குழாயில் கை வைத்து, "செம சூடுடா. ஏதோ புயலப் பத்தி யோசிக்குது போல" என்பார் மாமா.

அவருடைய ஒரே மகளுக்குப் பிறவியிலேயே இதயத்தில் கோளாறு. ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும். எப்படித் தைத்தால் பிழைப்பாள் என்று டாக்டருக்கே நிச்சயமில்லை. ஸ்கேனை வைத்து அவள் இதயத்தை அப்படியே கணினிக்குள் உருவாக்கி, முதலில் அதில் தைத்துப் பார்க்கலாம் என்றார்கள். அதுவும் எங்கள் நிலையத்திலேயே!

கணினி அந்தக் கணக்கைப் போட்ட அன்று காலை, நிலையத்து இன்ஜினியர் அம்மா எங்களைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தார். கடவுளே! எங்கள் குழந்தையின் இதயம் கண்ணெதிரே துடித்தது. ரத்தம் எங்கே திரும்புகிறது, எங்கே சுழல்கிறது, எல்லாம் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நின்றது.

மாமா எழுந்து ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். பம்ப் அறையில் ஒவ்வொரு வால்வாகத் தடவிப் பார்த்தார்.

"எங்கடா அடைச்சுது? என் குழாயாலதானே நின்னுபோச்சு!"

இன்ஜினியர் அம்மா மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். "அண்ணே, தண்ணி நல்லாத்தான் போகுது. அப்படித் தைச்சா நின்னுடும்னு கணினி சொல்லுது. அத விட்டுட்டு அடுத்த வழிய பாக்குது. வாங்க."

பொழுது சாயும்வரை நாங்கள் திரையை விட்டு நகரவில்லை. துடித்தது, நின்றது. கணினிக்குள் வேறு விதமாகத் தைத்தார்கள். துடித்தது, மறுபடி நின்றது. ஒவ்வொரு தடவையும் மாமா என் கையை நசுக்கினார். கடைசியில் ஒன்று நிற்காமல் துடித்துக்கொண்டே இருந்தது. டாக்டர் அவளுக்கு அந்த வழியில்தான் தைத்தார்.

குழந்தை வீட்டுக்கு வந்ததும் மாமா நடந்ததையெல்லாம் சொன்னார். அவள் கண்கொட்டாமல் கேட்டாள்.

"எனக்குப் பதிலா அது அத்தன தடவை செத்துதாப்பா? அதுக்கு வலிச்சிருக்குமா?"

மாமா தையலில் பட்டுவிடாமல் தலையைச் சாய்த்து, அவள் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதார்.