கும்பிட்டு வந்த வெள்ளைக்காரன்

காதர்பேட்டையில் பனியன் கட்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது சேதி வந்தது. "ராயபுரத்து ரங்கசாமி அண்ணன் தவறிட்டாருங்க" என்றார் வண்டிக்காரர். அப்படியே விட்டுவிட்டு நடந்தேன். வழியெல்லாம் நாடகத்தில் அவர் போட்ட அட்டைத் தொப்பிதான் கண்ணில் நின்றது.

அவரோடு பழகியவர்களுக்கு அவர் கோபம் தெரியும். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். டீயில் சர்க்கரை குறைந்தால் அரை நாள் யாரோடும் பேசமாட்டார். நானும் அங்கே வேலை பார்த்தவன்தான். பிறகு இரண்டு நிட்டிங் மிஷின் வாங்கித் தனியாக வந்துவிட்டேன். ஆனாலும் மாரியம்மன் நோம்பிக்கு நாடகம் என்று அவர் கூப்பிட்டால் தட்ட முடியாது.

அந்த வருஷம், வெள்ளைக்காரக் கம்பெனி நம் நாட்டைப் பிடித்த கதையை எழுதியிருந்தார். வெள்ளைக்காரன் வேஷமும் அவருக்குத்தான். பூட்ஸும் சவுக்கும் எதிர்பார்த்திருந்தோம். ஒத்திகையில் மனுஷர் கைகூப்பிக்கொண்டு வந்தார். "ஏனுங்க, ஊட்ல எல்லாரும் சௌக்கியங்களா?"

"வெள்ளைக்காரன் இப்படியா பேசுவானுங்கண்ணா?" என்று கேட்டுவிட்டேன். வந்தது கோபம்.

"துப்பாக்கியத் தூக்கிட்டு வந்திருந்தா ஊருக்குள்ள உட்டிருப்பமா? மொதல்ல நம்ம துணி வாங்கத்தான் வந்தான். எனக்கு மட்டும் வித்துப்போடுன்னான். அண்ணன் தம்பி சண்டைக்குப் பஞ்சாயத்துப் பண்றேன்னு நடுவுல உக்காந்தான். வரி, சிப்பாயி எல்லாம் அப்பறந்தான். அவனூர்ல மில்லு வந்ததும், உன்ற பஞ்சு போதும், தறி வேண்டாம்னுட்டான்."

அப்போது நூல் தட்டுப்பாடு. என் மிஷின்கள் இரண்டும் சும்மா நின்றன. வீட்டு அடுப்பும் யோசித்து யோசித்துத்தான் எரிந்தது. நோம்பிக்கு முந்தின நாள் வெளியூர் நூல் ஏஜெண்டு ஒருவர் எங்கள் தெருவுக்கு வந்தார். எவ்வளவு நூல் வேண்டுமானாலும் தருகிறேன் என்றார். "துணிய மட்டும் எனக்கே குடுத்துடுங்க. வேற யாருக்கும் வேண்டாங்க. நமக்குள்ள என்னங்க?" நோம்பி முடிந்ததும் வருவதாகச் சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போனார். ஒத்துக்கொள்வது என்ற முடிவோடுதான் நான் மேடை ஏறினேன்.

எனக்கு நெசவாளி வேஷம். ஜனங்களுக்கோ வெள்ளைக்காரனைத்தான் ரொம்பப் பிடித்துப்போயிற்று. அவர் கும்பிடும்போதெல்லாம் முன்வரிசைப் பெண்கள் பதிலுக்குக் கும்பிட்டார்கள். நாடகம் குட்டிச்சுவர் என்று நினைத்தேன். கடைசிக் காட்சியில் நான் கைநாட்டு வைக்க வேண்டும். அவர் மையை நீட்டினார்.

"துணிய எனக்கே குடுத்துருங்க. வேற யாருக்கும் வேண்டாங்க. நமக்குள்ள என்னங்க?"

ஒத்திகையில் எத்தனையோ தடவை கேட்ட வசனந்தான். அதையே ஏஜெண்டு சொன்னபோது எனக்கு உறைக்கவில்லை. நூல் ஆசை காதை அடைத்திருந்தது. மேடையில்தான் உறைத்தது. "மாட்டனுங்க" என்றேன்.

ரங்கசாமி அண்ணன் திகைத்துப்போனார். "வெய்டா! சரித்திரத்துல வெச்சிருக்கான்" என்று பல்லைக் கடித்தார். மைக் அதை ஊருக்கே சொல்லிவிட்டது.

"அவன் வெச்சுட்டானுங்க. நான் வெக்க மாட்டனுங்க."

பின்னாலிருந்து ஒருவர் எழுந்து, "வெச்சுராதீங்க!" என்று கத்தினார். எங்கள் தெருக்காரர்; ஏஜெண்டு அவரிடமும் பேசியிருந்தார். அவ்வளவுதான், கூட்டம் முழுக்க அதையே கத்தியது. அண்ணன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வயிறு குலுங்கச் சிரித்தார்.

ஏஜெண்டு திரும்பி வந்தபோது எங்கள் தெருவில் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. பயமாகத்தான் இருந்தது. எல்லோரும் சேர்ந்து கோயமுத்தூர் போய் மில்லிலேயே நூல் கேட்டோம். அலைய விட்டார்கள், ஆனால் கொடுத்தார்கள். மிஷின்கள் மறுபடி ஓடின. அண்ணன் மட்டும் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "நாடகத்தக் கெடுத்த பாவி" என்று திட்டுவார். எனக்கு அது பட்டம் கொடுத்த மாதிரி இருக்கும்.

போன மாதம் என் பட்டறைக்கு நிஜ வெள்ளைக்காரர் ஒருவரே பனியன் வாங்க வந்தார். நுழைந்ததும் கைகூப்பினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டீ கொடுத்து உட்கார வைத்தேன். ஒப்பந்தத்தை என் மகன் படித்தான்.

"வேற யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு எங்கயாச்சும் இருக்குதா கண்ணு?"

"இருக்குதுங்கப்பா."

அதை எடுத்தால்தான் கையெழுத்து என்று சொல்லச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு அந்த வரியை அடித்துவிட்டு என் கையைக் குலுக்கினார்.

படுக்கையில் கிடந்த அண்ணனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், "தொப்பி போட்டிருந்தானா?" என்றார்.

"இல்லீங்கண்ணா. வெறுந்தலைங்க."

"அப்ப அவனும் கழட்டீட்டான்" என்று சிரித்தார். நான் கேட்ட அவருடைய கடைசிச் சிரிப்பு அதுதான்.

அந்த அட்டைத் தொப்பியை எப்போதோ கறையான் தின்றிருக்கும். அவர் இல்லாதது எனக்குப் பெரிய வலி. என்னிடம் இருப்பது, வேற யாருக்கும் குடுக்கக் கூடாதா என்று அவர் நாடகம் கேட்க வைத்த அந்த ஒரு கேள்வி. யார் கும்பிட்டு வந்தாலும் நானும் கும்பிடுவேன், டீ கொடுப்பேன், அதைக் கேட்பேன். இன்று காலை என் மகன் ஒரு ஏஜெண்டிடம் அதையே கேட்டுக்கொண்டிருந்தான். குரலில் அண்ணனுடைய கோபமும் கொஞ்சம் இருந்தது.