கண்டி யானைக்கு ஒரு சுங்குடிப் போர்வை

ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் என் வலது மணிக்கட்டு ஒடிந்தது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் விரல்கள் மடங்கவில்லை. பிசைந்து பழகச் சொல்லி டாக்டர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தார். சீக்கிரமே அலுத்துவிட்டது. சாக்பீஸ் பிடிக்க முடியாத டீச்சருக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன வேலை என்று நாகல் நகர் வீட்டிலேயே முடங்கிக் கிடந்தேன்.

ஒருநாள் அண்ணி பழைய பேப்பர் கட்டையும் மைதாப் பசையையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். இலங்கையில், கண்டிப் பக்கம் பிறந்து வளர்ந்து, என் அண்ணனைக் கட்டிக்கொண்டு திண்டுக்கல் வந்தவர் அவர்.

“பேப்பரைக் கிழிச்சுக் குடு. ஆன செய்வோம்.”

கண்டியில் புத்தரின் பல்லை வைத்திருக்கும் கோயிலிலிருந்து வருஷா வருஷம் ஊர்வலம் கிளம்புமாம். தலையிலிருந்து கால்வரை ஜரிகைத் துணி போர்த்தி, அதில் சின்னச் சின்ன பல்புகள் எரிய, முதுகில் அந்தப் பல்லுக்கான பேழையைச் சுமந்துகொண்டு யானை நடந்துவருமாம்.

அம்மாவுக்கு உறுத்தியது. “மாதா படம் இருக்கிற வீட்ல புத்தர் சாமி ஆனை எதுக்குத்தா?”

“சாமி இல்ல அத்தை, ஊர்வல ஆன. எங்க ஊர்ல எல்லாரும் ரோட்டோரம் நின்னு பாப்போம். எங்கப்பா தோள்ல ஒக்காந்து நான் பாத்திருக்கேன்.”

அம்மா உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஓரம் கிழிந்த சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலை இருந்தது. “இம்புட்டு போதுமா?”

அட்டைப்பெட்டிதான் வயிறு. பேப்பரைக் கிழிக்கும்போதும் ஒட்டும்போதும் கை வலித்தது. தும்பிக்கை தொங்கிப்போய்விட, உள்ளே கம்பி வைத்து மறுபடி சுற்றினோம். போர்வையில் ஜமிக்கி தைப்பதுதான் பெரும்பாடு. என் விரல்களுக்கு நடுவே நிற்காமல் ஜமிக்கி நழுவி விழுந்துகொண்டே இருந்தது.

“செத்த எடுத்துக் குடுத்தா என்ன அண்ணி?”

“ஒன் கையே எடுக்கட்டும்.”

அன்று கோபம் வந்தது. இப்போது நினைத்தால், அவருக்கு முதல் நன்றி அதற்குத்தான் சொல்ல வேண்டும்.

யானை முடிந்ததும் அண்ணி வீடியோ காலில் கண்டியிலிருக்கும் தன் அம்மாவுக்குக் காட்டினார். முதுகில் ஒட்டிய பேழையையும் போர்வையில் சுற்றிய பல்பு மாலையையும் ரசித்துப் பார்த்த அந்தம்மா, “எல்லாஞ் சரி, வால் எங்க?” என்று கேட்டார். மறந்தே போயிருந்தோம்! கண்ணில் நீர் வழிய அண்ணி சிரித்தார். எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

கறுப்பு நூலை மூன்றாகப் பிரித்து நானே வாலைப் பின்னினேன். இறுக்கிப் பிடிக்க விரல்கள் இணங்கின. அடுத்த வாரம் பள்ளிக்குப் போய்க் கரும்பலகையில் தேதி எழுதினேன். கோணல் எழுத்துதான். பிள்ளைகள் கைதட்டினார்கள்.