வாய்விட்டுச் சொன்ன பாஸ்வேர்டு

பி.எஸ்சி. முடித்த வருடம், காந்திபுரத்தில் ஒரு மாடியில் இருந்த பிரவுசிங் சென்டருக்கு வாரம் ஒருமுறை போய்வந்தேன். எழுத்துத் தேர்வில் தேறியவர்களுக்கு நேர்காணல் தேதியை இ-மெயிலில்தான் அனுப்புவோம் என்று பெங்களூர் கம்பெனி ஒன்று சொல்லியிருந்தது. கடிதமாக இருந்தால் அன்னூருக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்கே தபால்காரர் கொண்டுவந்திருப்பார். இ-மெயிலுக்கு நான்தான் பஸ் ஏற வேண்டியிருந்தது.

செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். ஆறு கம்ப்யூட்டர்கள், இடையிடையே தோள் உயரத்துக்கு ப்ளைவுட் தடுப்பு. முன் மேசையில் ஓர் அக்கா இருப்பார். நேர்காணல் தேதிக்கு என்று நான் சொன்னதும் எனக்கு மெயில் ஐடி திறந்து கொடுத்தவர் அவர்தான். பாஸ்வேர்டு மட்டும் நீங்களே போட்டுக்கோணும் என்று சொல்லி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். மறக்காமல் இருக்க வேண்டுமே என்று என் பரீட்சைப் பதிவு எண்ணையே போட்டேன். மூன்று வருடம் ஒவ்வொரு விடைத்தாளிலும் எழுதிய எண் அது.

ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தேன், மெயில் வரவில்லை. செவ்வாய்க்கிழமை, என்னோடு தேறிய வகுப்புத் தோழனைப் பஸ்ஸில் பார்த்தேன். அவனுக்கு நேற்றே வந்துவிட்டதாம். ஆளுக்கு ஒரு தேதி, ஆளுக்கு ஒரு நேரம் என்றான். சொன்ன நாளில் வராதவர்களுக்கு மறு தேதி கிடையாது என்றும் போட்டிருக்கிறதாம். பஸ் காந்திபுரத்தில் நின்றதும் ஓட்டமும் நடையுமாக மாடிப்படி ஏறினேன்.

பதிவு எண்ணை அடித்தேன். தவறு என்றது. நிதானமாக மறுபடி அடித்தேன். மறுபடியும் தவறு. மூன்றாவது முறை ஒற்றை விரலால், ஒவ்வொரு விசையாகப் பார்த்துப் பார்த்து அடித்தேன். அதற்கும் அதே பதில்தான். கம்ப்யூட்டர் கண்ணாடிக்குப் பின்னால் என் தேதி இருந்தது. எனக்குத் திறக்கவில்லை. ஏசி ரூமில் எனக்கு வேர்த்துப்போனது.

அக்கா அன்றைக்கு இல்லை. மேசையில் இருந்தது அவருடைய அண்ணன். முப்பது வயதிருக்கும், பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர், அன்று லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். மெயில் திறக்கவில்லை என்று சொல்லி என் ஐடியையும் சொன்னேன். அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"ஏனுங்க, இதே ஐடியைச் சொல்லிக் காலைல ரெண்டு பேரு வந்து கேட்டாங்க. நீங்க மூணாவது ஆளுங்க."

அது என்னுடையதுதான் என்றேன். அவர்களும் அதையேதான் சொன்னார்கள் என்றார். காலேஜ் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினேன். அட்டையில் இருப்பது என் பெயர்தான், ஆனால் இந்த ஐடி என்னுடையது என்று அதில் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார். கேட்ட விதத்தில் மரியாதை குறையவில்லை. ஆனாலும் அழுகை வந்துவிடும் போலிருந்தது. உங்கள் தங்கையைக் கேளுங்கள் என்றேன். ஆனைமலைக் கோவிலுக்குப் போயிருக்கிறார், பொழுது சாய்ந்துதான் வருவார் என்றார்.

பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு துண்டுச்சீட்டை எடுத்து, எனக்குத் தெரியாமல் மறைத்துப் படித்தார். படித்து முடித்ததும் காலியாக இருந்த ஒரு கம்ப்யூட்டரில் என்னை உட்கார வைத்தார். வெறும் பக்கம் ஒன்றைத் திறந்து, உங்க ஊட்டு அட்ரஸை இங்கிலீசில் அடிங்க என்றார்.

வேகத்தைப் பார்க்கிறாரோ, பிழையைப் பார்க்கிறாரோ, எனக்குப் புரியவில்லை. அவர் பின்னால் நின்றார். என் பெயரை அடித்தேன். அப்பா பெயரில் ஓர் எழுத்துத் தவறிப்போய் அழித்துவிட்டு மறுபடி அடித்தேன். ஊர்ப் பெயரில் பாதி வந்திருப்பேன். பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம்.

"போதுமுங்க. நீங்கதானுங்க அது."

சீட்டை என்னிடமே கொடுத்தார். அக்காவின் கையெழுத்து. இந்த ஐடிக்காரர் டைப் அடிக்கும்போது ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லுவார், அது அவருக்கே தெரியாது, அவரிடம் சொல்லாமல் அடிக்கச் சொல்லிப் பார், சத்தம் வந்தால் மட்டும் பாஸ்வேர்டைக் கொடு என்று எழுதியிருந்தது. கீழே புது பாஸ்வேர்டு.

சனிக்கிழமை நான் படியிறங்கிய கையோடு பக்கத்துத் தடுப்பிலிருந்த இரண்டு பையன்கள் என் எண்ணை ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். காலையில் வந்து கேட்டதும் அவர்களாகத்தான் இருக்கும். அக்கா அவர்கள் லைனை வயரோடு பிடுங்கிவிட்டு, நான் சொன்னதைத் தானும் கேட்டிருந்ததால் தானே உள்ளே போய்ப் பாஸ்வேர்டை மாற்றிவிட்டாராம். லெட்டர் எதையும் தொறக்கலீங்க, அதைக் கண்டிப்பாச் சொல்லச் சொல்லுச்சு என்றார் அண்ணன். நான் நம்பினேன். இன்றும் நம்புகிறேன்.

எனக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அப்போதே தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அம்மா காட்டு வேலைக்குப் போய்வந்து வெளி அடுப்பில் சமைத்துக்கொண்டிருப்பார். நான் உள்ளே படிப்பேன். என்ன படிக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. சத்தம் வந்தால் படிக்கிறேன், நின்றால் தூங்கிவிட்டேன், அவ்வளவுதான் கணக்கு. அதனால் கணக்குப் பாடத்தைக்கூடக் கத்தித்தான் படித்தேன்.

புது பாஸ்வேர்டை அடிக்கும்போது இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். சத்தம் இல்லாமல் விரல் வழி தவறியது. இரண்டாவது முறைதான் திறந்தது. நேற்று வந்த மெயில் படிக்காத தடித்த எழுத்தில் அப்படியே இருந்தது. வியாழக்கிழமை, காலை பத்தரை. மறுநாள் ராத்திரி வண்டி பிடித்தால் போதும்.

உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. வருகிறேன் என்று பதில் அனுப்பினேன். யாருக்கும் தெரியாத ஒன்றாகப் பாஸ்வேர்டை மாற்றி, வெளியேறும் பொத்தானை அழுத்தி, மெயில் பக்கம் மறுபடி பாஸ்வேர்டைக் கேட்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன். கேட்டது. மெயிலைப் பார்த்துக் காகிதத்தில் எழுதியிருந்த கம்பெனி விலாசத்தைச் சட்டைப் பையில் வைத்தேன்.

அக்காவிடம் என்ன சொல்லட்டும் என்று அண்ணன் கேட்டார். வியாழக்கிழமைங்க என்று சொல்லுங்கள் என்றேன். எதற்கு, என்ன என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டேன்.