ஒலிவம்மாளின் மூன்றாவது பூட்டு

ரோக்கா பலாட்டா ஊரில் பூட்டுக்காரர் லிபோரியோவிடம் ஒரு சாவி செய்து வாங்குவதைவிடப் பெண் கேட்டு வாங்குவது சுலபம் என்பார்கள். பூட்டைக் கழற்றிக் கொண்டுவர வேண்டும். பூட்டுக்குச் சொந்தக்காரரும் கூடவே வர வேண்டும். "அம்மாவோட பழைய பெட்டி, சாவி தொலைஞ்சு போச்சு" என்று யாராவது சொன்னால், "சரி, அம்மாவைக் கூட்டிட்டு வா" என்பார். அம்மா செத்துப்போய்விட்டாள் என்றால் கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்பார். அத்தனை பேரும் வந்து நின்றால்தான் அரத்தைக் கையில் எடுப்பார்.

இத்தனைக்கும் காரணம் ஒரு சோப்புக்கட்டி. அவருடைய அப்பா அதில் பதிந்திருந்த சாவி அச்சைப் பார்த்து யாருக்கோ ஒரு சாவி செய்து கொடுத்தார். அந்தச் சாவியால் ஊர்ப் பத்திர எழுத்தரின் வீடு கொள்ளை போனது. திருடியவன் கப்பலேறிப் போய்விட்டான், அப்பா இரண்டு வருடம் சிறையில் இருந்தார். அப்போது லிபோரியோவுக்குப் பதினெட்டு வயது. இப்போது ஐம்பத்து மூன்று. இன்றைக்கும் ஊரில் ஒரு வெள்ளிக் கரண்டி காணாமல் போனால் முதலில் அவர் பட்டறைப் பக்கம்தான் நாலு தலை திரும்பும். அவரும் ஊரை நம்புவதில்லை. கணக்கு சரிக்குச் சரி.

அந்த வருடம் பிப்ரவரியில் பள்ளத்தெரு மெல்கியோரே காலமானார். ஊர்க் காவல் புனிதை ஒலிவம்மாளின் வெள்ளிச் சுரூபமும் அவளுக்குக் காணிக்கையாக வந்த நகைகளும் கோயில் சுவருக்குள் ஓர் இரும்புக் கதவுக்குப் பின்னால் இருக்கின்றன. கதவுக்கு மூன்று பூட்டு. ஒரு சாவி பாதிரியாரிடம், ஒன்று மேட்டுத்தெருவில், ஒன்று பள்ளத்தெருவில். ஒருத்தரை ஒருத்தர் நம்பாததால் மூன்று, வேறு புனிதமான காரணம் எதுவும் கிடையாது. திருவிழாக் காலையில் மட்டும் மூவரும் வந்து திறப்பார்கள்.

பள்ளத்தெருச் சாவி மெல்கியோரேயிடம் இருந்தது. திருவிழாவுக்கு மட்டும் போடும் கறுப்புக் கம்பளிக் கோட்டின் உள்பையில் வைத்திருப்பார். அடுத்த திருவிழா வரை கோட்டும் சாவியும் அலமாரிக்குள் தூங்கும். செத்தவருக்கு இருப்பதிலேயே நல்ல உடுப்பைப் போடுவதுதானே வழக்கம்? அந்தக் கோட்டையே போட்டுப் புதைத்துவிட்டார்கள். ஒரு மாதம் கழித்துத்தான் அவர் மனைவி சரினாவுக்குச் சாவி நினைவு வந்தது.

மேட்டுத்தெருவில் ஒருவரும் இதை நம்பவில்லை. "கோட்டுப் பையில போச்சா, யார் பையில போச்சோ" என்றார் அந்தத் தெருச் சாவிக்காரர் நுன்ஸியோ. கல்லறையைத் தோண்டப் பாதிரியார் ஒப்பவில்லை. வெளியூர்ப் பூட்டுக்காரனைக் கூப்பிடலாமா என்று பேச்சு வந்தது. "நாளைக்கு ஏதாச்சும் காணாமப் போனா அவன் வீட்டை எங்கே போய்த் தேடுறது? லிபோரியோன்னா வீடு தெரியும்" என்றார் நுன்ஸியோ. இப்படித்தான் லிபோரியோவுக்கு அழைப்பு வந்தது.

திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு கோயிலுக்குப் போனார். இரும்புக் கதவுக்கு எதிரே மூன்று நாற்காலி போட்டுப் பாதிரியார் கஸ்பரே, நுன்ஸியோ, சரினா மூவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏம்ப்பா, பையில இருக்கறதெல்லாம் எடுத்து இதுல வை" என்று நுன்ஸியோ காணிக்கைத் தட்டை நீட்டினார். "தப்பா நெனைக்காத. உங்கப்பா கதை ஊருக்கே தெரியும்."

லிபோரியோவுக்கு முகம் சுட்டது. அப்பாவையும் இப்படித்தான் நடுத்தெருவில் நிறுத்திப் பைகளைத் திருப்பிப் பார்த்தார்கள். கைக்குட்டை, புகையிலை, பேனாக்கத்தி, பெரிய இரும்பு வீட்டுச் சாவி எல்லாவற்றையும் தட்டில் வைத்தார். நுன்ஸியோ எழுந்து வந்து கோட்டின் மடிப்புவரை தடவிப் பார்த்தார்.

மூன்றாவது பூட்டின் முன்தகட்டைக் கழற்றினார் லிபோரியோ. உள்ளே பார்த்தவர் விளக்கை இன்னும் கிட்டத்தில் பிடித்தார். வேற்றுச் சாவியைத் திரும்பவிடாமல் மறிக்கும் தடைத்தகடுகள் வரிசையாக இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. ஒன்றுகூட இல்லை. அடியோடு அறுத்து எடுத்திருந்தார்கள்.

சொல்வதா, விழுங்குவதா? சொல்லாமல் அழகாக ஒரு சாவி செய்து கொடுத்துவிட்டுப் போகலாம். என்றைக்காவது ஒரு கம்மல் குறைந்தால் கடைசியாகப் பூட்டைத் தொட்டவன் அவன்தான் என்பார்கள். சொன்னாலும் அதையேதான் சொல்வார்கள்.

"சாமி, இந்தப் பூட்டுக்குச் சாவியே வேண்டாம். உள்தகட்டையெல்லாம் அறுத்து எடுத்திருக்காங்க, இந்த அளவுச் சாவி எதை விட்டாலும் திறக்கும்" என்றார். தட்டிலிருந்த தன் வீட்டுச் சாவியை எடுத்துத் துளையில் விட்டுத் திருப்பினார். தாழ்ப்பாள் தடக்கென்று விலகியது.

நுன்ஸியோ நாற்காலியை விட்டு எழுந்தார். "இப்ப நீதானடா அறுத்தே?"

"நீங்க மூணு பேரும் கண் கொட்டாமப் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? கிட்ட வந்து பாருங்கண்ணே. அறுத்த இடத்துல எவ்வளவு துரு. எனக்குப் பல் முளைக்கறதுக்கு முன்னாடி நடந்த வேலை இது."

பாதிரியார் விரலால் தடவிப் பார்த்து, ஆமாம் என்று தலையசைத்தார். "ஆனா வருஷா வருஷம் நகைப் பட்டியல் வாசிக்கிறோமே. ஒரு மோதிரம்கூடக் குறைஞ்சதில்லையே" என்றார்.

சரினா சிலுவை போட்டுக்கொண்டாள். அவளுக்கு அழுகையைவிடக் கோபம்தான் முந்தியது. "எங்க மாமனார் காலத்துல சாவி தொலைஞ்சுதுன்னு ஒரு பேச்சு காதுல விழுந்துச்சு. அப்ப தகட்டை அறுத்துட்டு ஏதோ ஒரு சாவியை வெச்சுச் சமாளிச்சிருக்காங்க. என் வீட்டு மனுஷனுக்கும் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சுக்கிட்டே முப்பது வருஷமா என்னை அலமாரிப் பக்கம் அண்ட விடல. என்னை நம்பாம இந்த ஓட்டைப் பூட்டை நம்பியிருக்காரு பாரு தம்பி."

"புதுத் தகடு வெச்சுத் தரேன்க்கா. பட்டறைக்கு எடுத்துட்டுப் போனா ரெண்டு நாள்ல முடிச்சிடலாம்" என்றார் லிபோரியோ.

"பூட்டு கோயில் வாசல் தாண்டக் கூடாது" என்றார் நுன்ஸியோ உடனே.

"அப்ப இப்படியேதான் இருக்கும். சரி, கையோட மத்த ரெண்டு பூட்டையும் பார்த்துடட்டுமா?"

"வேண்டாம்."

பாதிரியாரும் நுன்ஸியோவும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சொன்ன வேகத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான். லிபோரியோ இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முப்பத்தைந்து வருடத்தில் முதல்முறையாக அந்த ஊரில் சந்தேகம் அவரைத் தாண்டி வேறு பக்கம் போயிற்று. அவருக்கு அது இனித்தது, அதை மறைக்கவும் இல்லை.

கடைசியில் ஒரு முடிவு செய்தார்கள். பார்வைக்குப் பெரிதாக, பூ வேலை செய்த ஒரு சாவி. அது சரினாவிடம் இருக்கும். விஷயம் நாலு பேரைத் தாண்டக் கூடாது. லிபோரியோ தகட்டை மூடித் திருகி, தன் சாவியாலேயே பூட்டினார். பிறகு அதைத் தட்டில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வாசலில் போய் நின்றார்.

"என்னடா இது?" என்றார் நுன்ஸியோ.

"சோதிச்சுட்டு அனுப்புங்கண்ணே. நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது."

நுன்ஸியோ சோதித்தார். இந்தமுறை கை மடிப்புவரை போகவில்லை. தட்டிலிருந்த கைக்குட்டையைக் கொடுத்தார், புகையிலையைக் கொடுத்தார், கத்தியைக் கொடுத்தார். இரும்புச் சாவியை மட்டும் கொடுக்கவும் முடியாமல் வைத்துக்கொள்ளவும் முடியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒருவனுடைய வீட்டுச் சாவியைக் கோயில் எப்படிப் பிடுங்கிக்கொள்ளும்? பாதிரியார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் நுன்ஸியோ சாவியை நீட்டினார். "பத்திரமா வெச்சுக்க" என்றார், குரலைத் தாழ்த்தி.

"சரிண்ணே" என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார் லிபோரியோ. "நீங்களும் உங்க வீட்டுச் சாவியைப் பத்திரமா வெச்சுக்குங்க. அதுவும் இந்த அளவுதான்."