பதில் அதிபரின் அலுமாரித் திறப்பு

பல்கலைக்கழகம் முடித்துவிட்டு நியமனத்துக்குக் காத்திருக்கும் நாங்கள் சிலர் கதைப் புத்தகங்கள் சேர்த்தோம். மன்னார் மாவட்டத்து முசலிக் கரையோர ஆரம்பப் பாடசாலை ஒன்றில் அவற்றைக் கொடுக்கக் கடந்த மாசியில் போனேன். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் பெற்றவள் நான். நான் எழுத்துக்கூட்டப் பழகியதும் இப்படியொரு சின்னப் பள்ளிக்கூடத்தில்தான்.

வவுனியாவில் காலை ஆறு மணி மன்னார் பஸ்ஸில் ஏறி முருங்கனில் இறங்கினேன். அங்கிருந்து பள்ளிக்கூடம் இருக்கும் சிலாவத்துறைக்குப் பஸ் இருக்கிறது, ஆனால் நம்பி நிற்க முடியாது. ஆளிறக்கிவிட்டு ஊருக்குத் திரும்பிய அன்சார் நானா என்பவரின் ஓட்டோவில் புத்தகப் பெட்டியை ஏற்றினேன். இரண்டாயிரம் ரூபாய். அவருடைய இரண்டு மகள்மாரும் அதே பள்ளிக்கூடம்தான்.

அதிபர் எப்படி என்று கேட்டேன்.

"பதில் அதிபர்தான் இருக்கார் தங்கச்சி. கேள்வி கேக்கத்தான் ஆளில்ல."

நிரந்தர அதிபர் மாற்றலாகிப் போன பிறகு வந்த மூன்றாவது பதில் அதிபராம் இவர். முன்பிருந்த அதிபர் டீச்சர் காலையில் வாசலில் புத்தகத்தோடு நிற்பாராம்; ஒரு வரி வாசித்தால்தான் பிள்ளை உள்ளே போகலாம். அந்தக் காலத்தில் சேர்ந்த மூத்த மகள் சீமெந்துப் பையிலுள்ள எழுத்தைக்கூட வாசிக்காமல் விடமாட்டாள். இரண்டாம் வகுப்பில் இருக்கும் இளையவள் ரிஃபா எழுத்தை விட்டுப் படத்தைப் பார்த்துச் சொல்கிறாள். அவளை மன்னாரிலுள்ள மாமி வீட்டில் விட்டுப் படிப்பிக்கலாமா என்று வீட்டில் பேச்சு. பிள்ளையின் உம்மா அழுகிறாவாம்.

"நீங்க படிச்ச ஆள். இங்க வச்சிருக்கவா, அனுப்பவா?"

பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

பதில் அதிபர் கதிரை தந்தார், தேத்தண்ணி தந்தார். அன்பான மனிதர், வாரத்தில் பாதி வலயக் கல்விக் கந்தோரில் கழிகிறது என்று வருத்தப்பட்டார். ஆசிரியர் இல்லாத இரண்டாம் வகுப்பு கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தது. அவர் அறையில் கண்ணாடி அலுமாரி நிறையக் கதைப் புத்தகங்கள். பூட்டியிருந்தது. நாலைந்து தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கேட்டேன்: "இதைத் திறந்து வைக்கலாமே சேர்?"

"நான் பதில்தானே பிள்ளை. பொருளொண்டும் இன்னும் கையெழுத்து வச்சுப் பாரமெடுக்கேல்ல. ஒரு புத்தகம் காணாமல் போனாலும் நான்தான் பதில் சொல்லவேணும்."

இடுப்பிலிருந்த திறப்பால் அலுமாரியைத் திறந்தார். என் பெட்டியையும் உள்ளே வைத்துப் பூட்டினார். நான் நன்றி சொன்னேன்.

பள்ளி விட்டதும் மகள்மாரோடு நானா என்னைச் சிலாவத்துறை பஸ் நிலையத்துக்குக் கூட்டிவந்தார். பஸ்ஸொன்று வந்து நின்றது. பலகையில் என்ன இருக்கிறது என்று ரிஃபாவைக் கேட்டார். அவள் பலகையைப் பார்க்கவில்லை; பஸ்ஸின் நிறத்தைப் பார்த்தாள்.

"மன்னார்."

மூத்தவள் மெல்ல, "முருங்கன்" என்றாள்.

நானா என்னிடம் மறுபடி கேட்கவில்லை. "லீவு முடிய மாமி வீட்டுக்குப் போவமா?" என்று ரிஃபாவின் தலையைத் தடவினார். மாமி வீட்டில் ஊஞ்சல் இருக்கிறதென்று அவள் சந்தோஷமாகத் தலையாட்டினாள்.

இந்தப் பக்கம் புத்தகத்தோடு போகிறவர்களுக்கு: முருங்கனில் சாப்பிட்டுவிடுங்கள், தண்ணீர் கொண்டுபோங்கள், திரும்பும் பஸ்ஸை முதலே விசாரியுங்கள். பெட்டியை அதிபரின் மேசையில் வைக்காதீர்கள். வகுப்புக்குள் கொண்டுபோய், பிள்ளைகளின் கையில் பிரித்துக் கொடுங்கள். எனக்கு அது பஸ் மன்னார் வழியிலுள்ள வங்காலையைத் தாண்டிய பிறகுதான் தோன்றியது. வவுனியா திரும்ப ஏறவேண்டிய முருங்கன் பஸ்ஸை விட்டுவிட்டு, ஏனென்று தெரியாமல், மன்னார் பஸ்ஸில் ஏறியிருந்தேன்.