இழுத்தால் இறுகும் முடிச்சு

என் அக்கா போய் ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களும் நண்பர்களும் முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். "பிறப்பு, இல்லறம், தொண்டு, இறைவனடி என்று நாலு தலைப்புப் போட்டு எழுதிக் கொடுங்கள், அழகாக அடித்துத் தருகிறேன்" என்றார் அச்சகத்துக்காரர். எழுதிப் பார்த்தேன். படித்தால் வேறு யாரோ ஒரு புண்ணியவதியைப் பற்றி எழுதியது மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டேன். அக்காவின் வாழ்க்கை ஒரு முடிச்சில் சிக்கி நின்ற வாழ்க்கை. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு வராது.

அக்கா பிறந்தது திண்டுக்கல்லில், மலைக்கோட்டைக்குக் கிழக்கே நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில். அப்பா நூல் கடையில் சிப்பம் கட்டும் வேலை பார்த்தார். என்னைப் பெற்றுப் படுத்த அம்மா எழுந்திருக்கவே இல்லை. எனக்குச் சோறு ஊட்டியது, குளிப்பாட்டியது, முதுகில் இரண்டு வைத்தது எல்லாம் அக்காதான். என்னை வளர்ப்பதற்காகவே பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டார். அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. நான் பரீட்சையில் கோட்டைவிட்ட அன்றைக்கு மட்டும் சொன்னார், அதுவும் தெரு முழுக்கக் கேட்கும்படி.

பிறகு சின்னாளப்பட்டியில் கட்டிக்கொடுத்தோம். அத்தான் தறி நெய்தார். அக்கா சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளைச் சேலையில் துளித் துணியை நகத்தால் கிள்ளித் தூக்கி, நூலைச் சுற்றி இறுக்குவார்கள். சேலை முழுக்க இப்படியே. பிறகு சாயத்தில் முக்கி, காயவைத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்து வெடுக்கென்று இழுப்பார்கள். முடிச்சுகள் படபடவென்று தெறித்து அவிழும். அவிழ்ந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும்.

அந்தச் சத்தம் என்றால் அக்கா மகன் ராசுவுக்கு உயிர். மூன்று வயதுப் பிள்ளை. சேலை இழுக்கும்போது தானும் ஓர் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு "இழு! இழு!" என்று கத்துவான். முடிச்சு தெறித்தால் தரையில் உட்கார்ந்து சிரிப்பான். "எம்மவன் தொழில் கத்துக்கிட்டான் பாருலே" என்று அக்கா என்னிடம் பீற்றிக்கொள்வார். முடிச்சைக் கண்டால் இழுக்க வேண்டும் என்பதுதான் அந்தப் பிள்ளை படித்த ஒரே பாடம்.

சாயப்பட்டறைக்குப் போகும்போது அக்கா அவனையும் இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் போவார். ஒருமுறை அவன் கொதிக்கிற சாயத்தொட்டிப் பக்கம் ஓடிவிட்டான். அதற்கடுத்த தடவை வீட்டிலேயே விட்டுப்போனார். அது சித்திரை மாதம். அத்தான் நூல் வாங்கத் திண்டுக்கல் வந்திருந்தார். தறி போட்ட வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. தறிக்குழிக்குள் பிள்ளை விழுந்துவிடக் கூடாதென்று பழைய வேட்டியைக் கிழித்து இடுப்பில் கட்டி, மறுமுனையைத் தூணில் முடிந்துவிடுவார்கள். எல்லா வீட்டிலும் செய்வதுதான், யாரும் அதைத் தப்பென்று நினைத்ததில்லை. அக்காவும் அப்படித்தான் செய்தார். வந்தவுடன் அவிழ்க்க வேண்டுமே என்று முடிச்சைத் தளர்வாகத்தான் போட்டிருந்தார்.

தெருக்கோடியில் யார் வீட்டு அடுப்பிலிருந்தோ பொறி கிளம்பியது. அன்றைக்கு அத்தனையும் கூரை வீடுகள், காற்று வேறு. எதிர்வீட்டு அண்ணன் நனைந்த சாக்கைப் போர்த்திக்கொண்டு புகைக்குள் புகுந்து, அரிவாளால் துணியை அறுத்துப் பிள்ளையைத் தூக்கிவந்தார். உடம்பில் ஒரு காயம் கிடையாது. புகைதான் கொண்டுபோய்விட்டது. அக்கா ஓடிவந்து சேர்ந்தபோது வேப்பமரத்தடியில் கிடத்தியிருந்தார்கள்.

சேதி கேட்டு நானும் அத்தானும் ஓடிப்போனபோது தீயை அணைத்திருந்தார்கள்; கூரைதான் எரிந்திருந்தது, தூணில் அந்த முடிச்சு அப்படியே இருந்தது. தளர்வாகப் போட்டது புளியங்கொட்டை மாதிரி இறுகிக் கிடந்தது. அக்கா அதைத் தடவிப் பார்த்தார். "இழுத்திருக்கான்டா தம்பி. நான் சொல்லிக்குடுத்த மாதிரியே இழுத்திருக்கான்" என்றார். அதே நேரத்தில் பட்டறை முற்றத்தில் தானும் ஒரு சேலையை இழுத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். மூன்று வயதுப் பிள்ளை வேறென்ன செய்திருக்க முடியும் என்று நாங்கள் எல்லாரும் மாற்றி மாற்றிச் சொன்னோம். அவர் காதில் ஏறவில்லை.

அதற்குப் பிறகு அக்கா முடிச்சே போடவில்லை. அத்தானின் தறிக்கு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுத்ததோடு சரி. மளிகைப் பொட்டலத்துச் சணலைக்கூட அரிவாள்மனையில் அறுப்பார். வீட்டு ஆட்டைக் கட்டமாட்டார். அது அடுத்த வீட்டுக் கீரைப் பாத்தியை மேய்ந்து வைக்க, வாரம் ஒரு சண்டை நடக்கும். எரிந்த வீட்டை ஓட்டு வீடாகக் கட்டியபோது அந்தத் தூணை மட்டும் மாற்ற விடவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே கையை உயர்த்தி, "செத்த நேரம் பேசாம இரு. இழுக்கிறான்" என்பார். பட்டப்பகலில் சொல்வார். நானும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன். அக்கம்பக்கத்துத் தறிச் சத்தம் தவிர ஒன்றும் கேட்காது. ஆனால் அந்தத் தூணுக்கு முதுகைக் காட்டி உட்கார எனக்குத் தைரியம் வந்ததே இல்லை.

பழனிக்குக் கூட்டிப்போய் முடி இறக்கினோம். உடுக்கடிக்காரர் ஒருவரையும் அழைத்துவந்தோம். அவர் வாசலில் நின்று, "பிள்ளையைப் போகச் சொல்லும்மா" என்றார். "எங்க போவான்? கட்டிப்போட்டுல்ல வந்திருக்கேன்" என்றார் அக்கா. அந்த மனிதர் உடுக்கையைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இப்படியே சில வருடங்கள் ஓடின. ஒருநாள் எதிர்வீட்டு அண்ணனின் சின்னப் பையன், புதிதாக ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவன், நடுப்பகலில் அழுதுகொண்டே வந்தான். கால்சட்டை முழுக்க ஈரம். அவன் அம்மா வீட்டில் இல்லாததால் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"டவுசர் நாடாவ அவுக்கத் தெரியல அத்தை. எல்லாரும் சிரிக்கிறாக."

அக்கா குனிந்து நாடாவைப் பார்த்தார். இறுகிப் போயிருந்தது.

"இழுத்தியாலே?"

"இழுத்தேன்."

பிறகு பையனின் ஈர விரல்களைப் பிடித்து முடிச்சின்மேல் வைத்தார். "இழுக்காதய்யா. இழுத்தா அது கோவிச்சுக்கும். ரெண்டு விரலால பிடிச்சு உள்ளுக்குத் தள்ளு. தள்ளு. ம்... பாத்தியா, வாயத் தொறக்குது பாரு!" தீ விபத்துக்குப் பிறகு அக்கா ஒரு முடிச்சைத் தொட்டது அன்றைக்குத்தான்.

அடுத்த நாள் அவன் தங்கையும் வந்தாள். பிறகு பக்கத்துச் சந்துப் பிள்ளைகள் வந்தார்கள். பள்ளிக்கூடம் போகும் வயது வராத வாண்டுகள் எல்லாம் அக்கா வீட்டில்தான் கிடக்கும். பாடம் என்று ஒன்றும் கிடையாது. மொச்சை உரிக்க வேண்டும். சின்ன வெங்காயத் தோலைக் கிள்ள வேண்டும். புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகக் குறுகிய வாய்ச் சீசாவுக்குள் போட வேண்டும். ஈரத் துணியைப் பிழிய வேண்டும். களிமண்ணில் பாம்பு உருட்ட வேண்டும். அத்தானின் பழைய சட்டைக்குப் பொத்தான் மாட்டிக் கழற்ற வேண்டும். வெங்காயம் கண்ணில் எரிந்து ஒன்று அழும். புளியங்கொட்டையை ஒன்று மூக்கில் திணித்துக்கொள்ளும். "ஏலே, அது மூக்கா உண்டியலா?" என்று அக்கா அதட்டுவார். அப்போதெல்லாம் அவர் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். கடைசியாகத்தான் முடிச்சு. எந்தப் பிள்ளையாவது துணியை வெடுக்கென்று இழுத்துவிட்டால் போதும், சிரிப்பு நின்றுவிடும்.

அக்கா வீட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்குச் சிலேட்டுக் குச்சியைப் பிடித்துக் காட்டவே வேண்டியதில்லை என்று பள்ளிக்கூடத்து டீச்சரம்மா ஊரெல்லாம் சொன்னார். தெருக்காரர்களுக்குப் பெருமை தாங்கவில்லை. அக்காவிடம் போய்ச் சொன்னால், "எழுதுறது கெடக்கட்டும், அவுக்கத் தெரியுதா?" என்று கேட்பார்.

இனி என் மகன் செல்வம். இரண்டு வயதில் கடுங்காய்ச்சல் வந்து அவனுக்கு வலது கை தளர்ந்துபோனது. விரல் அசையும், பிடி நிற்காது. திண்டுக்கல்லில் நான் கணக்கெழுதும் நூல் கடைக்குப் பக்கத்துப் பள்ளியில் கேட்டேன். குச்சி பிடிக்க வரட்டும், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். நான் கொதித்துப்போய் அக்காவிடம் புலம்பினேன். "புலம்பாம பிள்ளையக் கொண்டாந்து விடு" என்றார். என் மனைவிக்கு அந்த வீட்டை நினைத்தாலே பயம். இருந்தாலும் தை மாதம் கொண்டுபோய் விட்டோம்.

சித்திரையில் ஒரு மத்தியானம் அவனைப் பார்க்கப் போனேன். வாசலைத் தாண்டியதும் பார்த்தேன். அதே தூண். கிழிந்த வேட்டித் துணியில் இடுப்பைக் கட்டி, என் மகனை அந்தத் தூணில் முடிந்திருந்தது. அக்கா அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார்.

"என்னக்கா பண்ற? புத்தி கெட்டுப்போச்சா ஒனக்கு?" என்று பாய்ந்தேன்.

"தொடாதலே! அவனே அவுப்பான்."

"கை வெளங்காத பிள்ளைக்கா அது!"

"அதான் சொல்றேன். நான் கூட இருக்கும்போதே அவனுக்குத் தெரிஞ்சிறணும். நான் இங்கனயேதான் இருக்கேன். எந்திரிக்க மாட்டேன்."

என் மகன் என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. "சும்மா இருங்கப்பா, இப்பத்தான் வருது" என்றான். கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடுத்த நொடி அவன் பொறுமை இழந்து துணியை ஓர் இழுப்பு இழுத்தான். முடிச்சு இறுகியது. அக்கா முந்தானையை வாயில் கவ்விக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார்.

"தள்ளுய்யா. இழுக்காத. தள்ளு ராசு."

அவர் என்ன பெயரைச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. நானும் திருத்தவில்லை. "தள்ளுறேன் அத்தை" என்றான் என் மகன். தளர்ந்த கையை முடிச்சின்மேல் பாரமாக வைத்து அழுத்திக்கொண்டு, இடது கை விரல் இரண்டால் உள்ளே தள்ளினான். வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. தெருவில் தயிர்க்காரி கூவிக்கொண்டு போனாள். முடிச்சு வாய் திறந்தது. துணி நழுவிக் கீழே விழுந்தது.

அக்கா அவனைத் தூக்கவில்லை, கொஞ்சவில்லை. அந்தத் துணியை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, "இம்புட்டுத்தான். இம்புட்டுத்தான்டா தம்பி வேலை" என்று அழுதார். தீப்பிடித்த அன்றைக்குக்கூட அழாதவர் வாய்விட்டு அழுதார். நான் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

கிளம்பும்போது கேட்டேன். "இப்பச் சத்தம் நின்னுருச்சாக்கா?"

"இல்ல. அவனுக்கு யாரு சொல்லிக்குடுத்தா? இன்னும் இழுத்துக்கிட்டுத்தான் இருக்கான்" என்றார்.

ஆனி மாதம் என் மகன் பள்ளியில் சேர்ந்தான், இடது கையால் எழுதினான். அக்கா வீட்டில் பிள்ளைகள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். சத்தம் மட்டும் கடைசிவரை நிற்கவில்லை. போன வருடம் வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொல்லி, மதுரை வரை கொண்டுபோய்த் திரும்பினோம். கடைசி நாட்களில் அக்காவின் விரல்கள் போர்வை ஓரத்தில் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தன. உற்றுப் பார்த்தேன். பிடிக்கிறது, தள்ளுகிறது, பிடிக்கிறது, தள்ளுகிறது. "பயமா இருக்காக்கா?" என்று கேட்டேன். "பயம் என்னலே பயம். அவன்கிட்டப் போயிச் சொல்லிறணும், அதுதான். பிள்ளை எம்புட்டு நாளா இழுத்துக்கிட்டு இருக்கான்" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

நன்றி சொல்ல வேண்டும். நெருப்புக்குள் புகுந்தவரும், கடைசியில் அக்காவைக் கட்டிலோடு தூக்கி வண்டியில் ஏற்றியவருமான எதிர்வீட்டு அண்ணனுக்கு நன்றி. மதுரைக்குப் போய்வர வண்டி கொடுத்த சாயப்பட்டறைக்காரருக்கும், முறை வைத்துக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த தெருப் பெண்களுக்கும், வாயை மூடிக்கொண்டு வரிசையில் வந்து வாய்க்கரிசி போட்ட பிள்ளைகளுக்கும் நன்றி. இத்தனை வருடம் அந்தத் தூணோடும் அக்காவோடும் ஒரு சொல் முணுமுணுக்காமல் குடும்பம் நடத்திய அத்தானுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

கடைசியாக, சுடுகாட்டில் வேலை செய்யும் ஒருவர் இருக்கிறார். பெயரைக் கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டேன். சுடுகாட்டில் கொள்ளி வைக்கும் முன்னால் கட்டுகளை நீக்குவார்கள் அல்லவா? அக்காவின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணியை அறுக்க அவர் கத்தியை எடுத்தார். வரக் கூடாது என்று சொல்லியும் கேட்காமல் என்னோடு வந்திருந்த என் மகன் குறுக்கே புகுந்து, "அறுக்காதீங்க. நான் அவுக்கிறேன்" என்றான். பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். நேரமாகிறது என்று யாரோ சொன்னார்கள். அந்த மனிதர் பையனின் முகத்தைப் பார்த்தார், அவனுடைய வலது கையைப் பார்த்தார். கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, "அவுத்துவிடு சாமி, நான் நிக்கிறேன்" என்று தள்ளி நின்றார். அவர் நின்ற அந்த நேரத்துக்கு என் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

குளிப்பாட்டிய நீர் பட்டு இறுகியிருந்த முடிச்சு. என் மகன் மண்டியிட்டு, தளர்ந்த கையை அக்காவின் பாதத்தின்மேல் பாரமாக வைத்தான். இடது கை விரல்களை முடிச்சில் வைத்தான். வெகுநேரம் ஆயிற்று. அவன் ஒருதடவைகூட இழுக்கவில்லை.