புளி போட்டுத் துலக்கிய தண்டவாளம்

மாடிப்படியை விட்டு இறங்கி உஸ்மான் சாலைக் கூட்டத்துக்குள் கொஞ்சம் தூரம் நடந்த பிறகுதான் என் விரல்களைப் பார்த்தேன். நகக்கண்ணெல்லாம் துருவும் செங்கல் பொடியும் ஏறி, மருதாணி வைத்த மாப்பிள்ளை கை மாதிரி இருந்தது. கல்யாணம் ஒன்றும் இல்லை, வேலைதான் போயிருந்தது. தோள் பையில் ஒரு கைலி, ஒரு சட்டை, மிச்சப் புளி ஒரு பொட்டலம். புளி முதலாளி கொடுத்தது. "இதையும் எடுத்துக்கிட்டுப் போப்பா, கண்ணுல படக் கூடாது" என்று சொல்லிக் கையில் திணித்தார். மற்றபடி எந்த இடத்தை விட்டுக் கிளம்பவும் எனக்கு ஐந்து நிமிடம் போதும்.

முதலாளியின் அலுவலகம் ஒரு புடவைக் கடைக்கு மேல் மாடியில். ஒரு மேசை, ஒரு நாற்காலி, சுவர் அளவுக்கு ஒரு படம். படத்தில் நீளமான சரக்கு ரயில் ஒன்று வரிசையான கிடங்குகளின் வாசலில் நிற்கும். சுற்றிலும் மரங்கள், மேலே நீல வானம். அவருடைய சொந்த ஊரில் வரப்போகிற தொழில் மனையாம் அது. நான் அந்த ஊருக்குப் போய்ப் பார்த்ததில் வானம் மட்டும் படத்தில் உள்ளபடியே இருந்தது.

அந்த ஊர் தெற்கே, ஒரு ராத்திரி ரயில் தூரத்தில் இருக்கிறது. முன்பு அங்கே ஒரு நூல் மில் ஓடியதாம். மில்லுக்குள்ளேயே சரக்கு வண்டி வந்து போக, ஸ்டேஷனிலிருந்து ஒரு கிளைத் தடம் போட்டிருந்தார்கள். சைடிங் என்பார்கள். மில் மூடியதும் முதலாளி வீட்டையும் மனைவி நகையையும் வைத்து அந்த இடத்தை வாங்கிவிட்டார். கிடங்கு மனைகளாகப் பிரித்தார். ஒரு மனைகூடப் போகவில்லை. இந்த நேரத்தில் ரயில்வேயிலிருந்து கடிதம் ஒன்று வந்தது. தைக்குள் அந்தத் தடத்தில் சரக்கு இறங்க ஏற்பாடு ஆகாவிட்டால் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துவிடுவார்களாம். தண்டவாளம் போனால் அது வெறும் கருவேலங்காடு. இங்கே சரக்கு இறக்குகிறேன் என்று ஒரே ஒரு வியாபாரி கையெழுத்துப் போட்டால் போதும், மற்றவர்கள் தானாக வருவார்கள் என்று முதலாளி நம்பினார். நான் மாம்பலம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் நின்று நோட்டீஸ் கொடுத்தேன். அதில் பாதி, படிக்கு அந்தப் பக்கம் வேர்க்கடலைப் பொட்டலமாக மாறுவதையும் பார்த்தேன். கையெழுத்து கிடைத்துவிட்டால் அந்த ஊரில் கேட் காவல் எனக்கு, தங்க ஓர் அறையும் உண்டு என்று சொல்லியிருந்தார். ஒரே இடத்தில் இருப்பது என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்றாலும் அறை என்றதும் சரி என்றுவிட்டேன்.

கடைசியில் ஒருவர் வந்து பார்க்கச் சம்மதித்தார். உஸ்மான் சாலையில் பாத்திரக் கடை வைத்திருக்கும் அக்கா. அவரும் அந்த ஊர்க்காரர்தான். தென்மாவட்டத்துச் சின்னக் கடைகளுக்கெல்லாம் அவர் கடையிலிருந்துதான் குடமும் குத்துவிளக்கும் போகின்றன.

அவர் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் நானும் முதலாளியும் போய் இறங்கினோம். தண்டவாளம் முழுக்கத் துரு. நடுவில் ஆடு படுத்திருந்தது.

"ஓடுத தண்டவாளம்னா கண்ணாடி மாதிரி மின்னும்லா. இது செத்த சாரைப்பாம்பு மாதிரில்லா கெடக்கு" என்றார் முதலாளி.

யோசனை சொன்னது நான்தான். அதை மறைக்கப் போவதில்லை.

"புளி போட்டுத் தேச்சா மின்னும் சார்."

"இரும்புக்கா?"

"கல்யாண சமையல்ல நான் தேய்க்காத இரும்புச் சட்டியா சார்? கூட கொஞ்சம் செங்கல் பொடி. அவ்ளோதான்."

கடைத்தெருவில் அத்தனை புளியை ஒரே ஆளாக வாங்கியதும் மளிகைக் கடைக்காரர், "யார் வீட்டுக் கல்யாணம்?" என்று கேட்டார். "ரயிலுக்கு" என்றார் முதலாளி. அவருக்குக் கேலி வராது, உண்மையைத்தான் சொன்னார்.

இரண்டு பகலும் தேய்த்தோம். ஒரு தண்டவாளம் அவருக்கு, இன்னொன்று எனக்கு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்து அவர் தேய்த்ததைப் பார்த்தபோது, சம்பளம் வாங்கும் நான் கொஞ்சம் வேகம் காட்ட வேண்டியிருந்தது. தேய்த்தபடியே சொன்னார்: "எங்க ஊர்ப் பயலுவ பூராம் ரங்கநாதன் தெருவுல நின்னு 'வாங்க மேடம், உள்ள வாங்க மேடம்'னு தொண்டை வத்துதானுவப்பா. இங்கன ஒரு கிடங்கு வந்தா பாதிப் பேரு சாயங்காலம் வீட்டுக்கு வந்து சாப்பிடுவான்." என் தொண்டையும் வற்றித்தான் இருந்தது. மறுபடி துரு பிடிக்காமல் இருக்க நல்லெண்ணெய் தடவலாம் என்றது அவர் யோசனை. வெயிலில் நின்று பார்த்தால், சத்தியமாக, ஐந்து நிமிடத்துக்கு முன்பு ஒரு ரயில் போன மாதிரி இருந்தது.

மறுநாள் காலை அக்கா காரில் வந்து இறங்கினார். தண்டவாளங்களுக்கு நடுவில் கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு நின்றார்.

"ஏ தம்பி, இதுல வண்டி வருதோ?"

"தினமும்னு சொல்ல முடியாதுக்கா. அப்பப்ப" என்றார் முதலாளி.

"கடைசியா எப்ப வந்துச்சு?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் ஆட்டைப் பார்த்தேன்.

"போன வாரம்" என்றார்.

"அப்படியா? இவங்கள்லாம் அதுல வந்து எறங்குனவங்களோ?"

அவர் காட்டிய இடத்தில் எறும்பு வரிசை. ஓரிடத்தில் மட்டும் அல்ல. இரண்டு தண்டவாளத்தின் மேலும், ஸ்டேஷன் பக்கமிருந்து மில் மதில் வரைக்கும், வளைவில்கூடத் தடம் புரளாமல் போய்க்கொண்டிருந்தன. அந்தத் தடத்தில் பல வருஷத்துக்குப் பிறகு ஓடிய முதல் வண்டி அதுதான். அக்கா குனிந்து விரலால் தண்டவாளத்தைத் தொட்டு மோந்து பார்த்தார்.

"புளி. புதுப் புளி. மேல நல்லெண்ணெய்." விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டார். "பாத்திரக் கடைக்காரிகிட்டயாலே தேய்ச்சுக் காட்டுத? யாரு தேச்சது?"

ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் வாத்தியார் கேட்டால் கை தூக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. தூக்கினேன்.

"நல்லாத்தான் தேச்சிருக்க. ஓரத்துல விட்டுப்போச்சு" என்றார். அப்புறம் முதலாளியிடம் திரும்பினார். "தண்டவாளம் மின்னலைன்னா நான் கோவிச்சுக்கிட்டா போகப் போறேன்? ஒரு சரக்கு வண்டி வரணும்னா வண்டி நெறைய சரக்கு வேணும்டா. எனக்கு ரெண்டு பெட்டி தேறும். மிச்சப் பெட்டியில என்னத்த ஏத்துவ, இந்த ஆட்டையா?"

அக்கா கையெழுத்துப் போடாமலே காரில் ஏறினார்.

சென்னைக்குத் திரும்பி அலுவலகம் திறந்ததும் முதலாளி முதலில் செய்தது என்னை அனுப்பியது.

"எறும்பு மொய்க்க வச்சிட்டியேப்பா" என்றார்.

"எண்ணெ தடவலாம்னு நீங்கதான சார் சொன்னீங்கோ?"

"கெளம்புப்பா."

திட்டியிருந்தால் பரவாயில்லை. சுவர்ப் படத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

இதையெல்லாம் அசைபோட்டபடியே நடந்தவன் பாத்திரக் கடை வாசலைக் கவனிக்கவில்லை. உள்ளே கல்லாவிலிருந்து குரல் வந்தது.

"ஏ புளி!"

யாரைக் கூப்பிடுகிறார் என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. போய் நின்றேன்.

"வேலை போச்சா?"

"போச்சிக்கா."

"அவன் நல்லவன். என்ன, கோவம் வந்தா பக்கத்துல நிக்கவன் மேல எறக்கி வச்சிருவான். சரி, நீ எவ்வளவு தூரம் நடப்ப?"

"வேல இல்லாங்காட்டி பெசன்ட் நகர் பீச் வரிக்கும் போய்க்கினே இருப்பேங்க்கா. வேல இருந்தா அவ்ளோ நடக்க மாட்டேன்."

அக்கா சிரித்தார். "நாளைக்குக் கடை தொறக்கயில வா."

"பாத்திரம் தேய்க்கவாக்கா?"

"வா, சொல்லுதேன்."

வெங்கட்நாராயணா சாலை, நந்தனம், சேமியர்ஸ் சாலை என்று மயிலாப்பூர் வரை நடந்தேன். வழியெல்லாம் மெட்ரோவுக்குத் தோண்டித் தகரம் அடைத்திருந்தார்கள். இங்கே பூமிக்கு அடியில் ரயில் விட இத்தனை பாடு. அங்கே பூமிக்கு மேலே போட்ட தடத்தில் எறும்பு போகிறது.

மயிலாப்பூரில் ஒரு கல்யாண சமையல்காரர் மாமா இருக்கிறார். முகூர்த்த நாளில் அவருக்குப் பாத்திரம் தேய்த்துக் கொடுப்பேன், மற்ற நாளில் அவருடைய பாத்திர அறையில் அண்டாக்களுக்கு நடுவே படுத்துக்கொள்ளலாம். புளிப் பொட்டலத்தை அவரிடம் கொடுத்துக் கதையைச் சொன்னேன்.

"ரயிலுக்குப் பத்துப்பாத்திரம் தேய்ச்சுண்டு வந்திருக்கான் பார்டி!" என்று உள்ளே மாமியைக் கூப்பிட்டுச் சொன்னார். "நம்மாத்து உருளி அடி பிடிச்சுண்டு ஒரு வாரமாக் கிடக்கு, அதைத் தேய்க்க ஆளில்லே." அன்று சாயங்காலம் அதையும் தேய்த்தேன்.

மறுநாள் காலை அக்கா என் கையில் துலக்கும் நாரைக் கொடுக்கவில்லை. கோடு போடாத ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார். முதல் பக்கத்தில் அவரே பேனாவால் ஒரு ரயில் என்ஜின் வரைந்திருந்தார். அதற்குப் பின்னால் இரண்டு பெட்டி. அவற்றுக்குள் "பாத்திரம்" என்று எழுதியிருந்தது.

"இந்தச் சுத்துவட்டாரத்துல எங்க பக்கத்து ஆளுங்க கடை எத்தனை கெடக்கு தெரியுமா? எல்லாவன் சரக்கும் தெக்கதான் போவுது. ஆனா ஒருத்தன் இன்னொருத்தன்கிட்ட வாயத் தெறக்க மாட்டான். எவ்வளவு அனுப்புதோம்னு எதிர்க் கடைக்காரனுக்குத் தெரிஞ்சிரக் கூடாதாம். அதுக்காக ஆளுக்கொரு லாரி, பாதி காலியாப் போவுது. நானும் அப்படித்தான், என்ன சொல்ல. நான் போய்க் கேட்டாப் பொய் சொல்லுவானுவ. உன் மொதலாளி போய்க் கேட்டா நோட்டீசுன்னு ஓடிருவானுவ. நீ வெளியாளு, உங்கிட்டச் சொல்லுவானுவ."

"அவுங்க சொல்றத வேற யார்னா கேட்டா?"

"எந்தப் பெட்டி யாருதுன்னு எங்கிட்டகூடச் சொல்லாத. பெட்டியை மட்டும் போடு. வண்டி ரொம்புன அன்னைக்கு நானே அவன் ஆபீசுக்கு ஏறிப் போயி கையெழுத்துப் போடுதேன்."

"தைக்குள்ள ரொம்பணுமேக்கா."

"அதான் நல்லா நடக்கத் தெரிஞ்சவனைக் கூப்பிட்டேன்."

ரங்கநாதன் தெரு முனையில் பிளாஸ்டிக் வாளிக் கடையில்தான் முதலில் ஏறினேன். கடைக்காரர் ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு, வாளிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். முதலில் எதிர்க் கடையைப் பார்த்தார், பிறகு என் கறை பிடித்த விரல்களை. என்னை உள்ளே இழுத்து வாளிக் குவியலுக்குப் பின்னால் நிறுத்தினார்.

"அவன் எத்தனை பெட்டி சொன்னான்?"

"நீங்கதான் அண்ணாச்சி மொதோ போணி."

கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார்.

"அரைப் பெட்டி போட்டுக்கிடும்" என்றார் மெல்லிய குரலில்.

நான் நோட்டைக் குப்புற வைத்த ஒரு வாளியின் மேல் பிரித்து, பேனாவைத் திறந்து, அரைப் பெட்டியை வரைய ஆரம்பித்தேன்.